குவிக் வேறு, ஷார்ப் வேறு

ஆங்கிலம்–தமிழ் அகராதிகளில் குவிக், ஷார்ப், கிளெவர், ஷ்ரூட் எல்லாவற்றுக்கும் ‘புத்திசாலி’, ‘அறிவுக்கூர்மையுள்ள’ என்றே பொருள் கிடைக்கிறது. மாணவர்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதும் எனக்கு இது பெரிய குறை. சொல் மாறினால் அங்கே ஆளே மாறிவிடுகிறார்.

குவிக் என்பது வேகம். பழைய ஆங்கிலத்தில் அதற்கு ‘உயிருள்ள’ என்று பொருள். 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் ‘தி குவிக் அண்ட் தி டெட்’ என்றால் உயிரோடிருப்போரும் இறந்தோரும். நம் ‘கற்பூரப் புத்தி’ இதற்கு மிக நெருக்கம். சொன்னதும் பற்றிக்கொள்பவர் என்பதைத் தாண்டி இச்சொல் எதையும் உறுதி சொல்வதில்லை.

ஷார்ப் கத்தியின் சொல். பத்துப் பக்கக் கணக்கில் தவறு ஒளிந்திருக்கும் வரியில் போய் நிற்பவர் ஷார்ப். இதே குடும்பத்தில்தான் அக்யூட்டும் அப்டியூஸும் வருகின்றன. லத்தீனில் ஒன்று தீட்டியது, மற்றது மழுங்கியது. வடிவியலிலும் கோணங்களுக்கு இவையே பெயர். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அகலத்தைப் பார்த்துக் குறுங்கோணம், விரிகோணம் என்கின்றன. இலங்கையில் முதலாவதைக் கூர்ங்கோணம் என்பார்கள். ஆங்கிலச் சொல்லின் உயிர் அதில் அப்படியே இருக்கிறது. என்னைக் கேட்டால் குவிக்கைவிட ஷார்ப்பே பெரிய பாராட்டு.

கிளெவரில் கவனம் தேவை. பிரிட்டனில் ‘டூ கிளெவர் பை ஹாஃப்’ என்றால் அதிகப்பிரசங்கி என்ற வசை. ஷ்ரூட் வணிகருக்குப் பொருந்தும். ஒரு காலத்தில் ‘தீய’ என்று பொருள்பட்ட சொல் அது, மாணவருக்கு வேண்டாம். ஸ்மார்ட் அமெரிக்கர் வாயில் பெரும்பாலும் அறிவைக் குறிக்கும், பிரிட்டனில் நேர்த்தியான உடையையும்.

டல், ஸ்லோ இரண்டையும் நான் எந்தக் குழந்தையைப் பற்றியும் எழுதமாட்டேன். நம் வகுப்பறைகளில் ‘டல் ஸ்டூடன்ட்’ என்பது எவ்வளவு எளிதாக வாயில் வருகிறது! கற்பூரத்துக்கு அடுத்தபடியாகக் கரியையும் சொல்லிவைத்தார்கள் நம் முன்னோர்: பற்ற நேரமாகும், பற்றினால் நின்று எரியும். அத்தகையவருக்கு ஆங்கிலத்தில் ‘தரோ’ என்ற சொல் இருக்கிறது. எதையும் அரைகுறையாக விடாதவர்.

சென்ற ஆண்டு ஒரு மாணவியின் கடிதத்தில் அதைத்தான் எழுதினேன். விடை சொல்ல மற்றவர்களைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொள்வாள். அவள் சொன்ன விடையை நான் திருத்த நேர்ந்ததே இல்லை.