லேண்ட்ஜெம்: கணக்கு சரிதான், நிரப்பும் எண்கள்தான் சிக்கல்

குப்பைமேட்டில் உருவாகும் வாயுவிலிருந்து மின்சாரம் எடுக்க முடியுமா என்று பார்க்க, எங்கள் துறையில் வழக்கமாகத் திறக்கப்படுவது லேண்ட்ஜெம் என்னும் எக்செல் கோப்பு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதை இலவசமாகத் தருகிறது. கிடங்கு தொடங்கிய ஆண்டையும், மூடும் ஆண்டையும், ஆண்டுவாரியாகக் கொட்டிய குப்பையின் எடையையும் நிரப்பினால், மீத்தேன் எப்போது உச்சத்தைத் தொட்டு எப்படி இறங்கும் என்பதை வரைபடமாகவே காட்டிவிடுகிறது. கணக்கிடும் முறை ஒளிவுமறைவின்றிக் கண்முன்னே இருப்பது இதன் பெரிய பலம்.

சிக்கல், அதில் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கும் எண்களில் இருக்கிறது. டன்னுக்கு 170 கனமீட்டர் மீத்தேன் என்றும், சிதைவு வேகம் ஆண்டுக்கு 0.05 என்றும் அது எடுத்துக்கொள்கிறது. அதாவது, வாயு தரும் திறன் பாதியாகக் குறைய ஏறத்தாழ 14 ஆண்டுகள் ஆகும். மாசு விதிகளுக்காக, உமிழ்வு குறைவாகக் கணிக்கப்பட்டுவிடக் கூடாது என்று வைத்த எண்கள் இவை. சோறும் காய்கறிக் கழிவும் வாழையிலையும் ஈரத்தோடு வந்து சேரும் நம் ஊர்க் குப்பையோ வெகு சீக்கிரம் மக்கிவிடுகிறது. மின்சாரம் எடுக்கும் எஞ்சினுக்கு வாங்கிய கடனை அடைத்து முடிக்கும் முன்பே வாயு ஓய்ந்துவிடக்கூடும்.

நான் பணிபுரிந்த ஒரு கிடங்கில் எடைமேடையே இல்லாததால், லாரி நடைகளை எழுதிவைத்த நோட்டுப் புத்தகத்தை வைத்துத்தான் எடையை ஊகித்தோம். துளையிட்டபோது சாம்பலும் கருகிய தேங்காய் மட்டையுமே மேலே வந்தன. எரிந்துபோன குப்பையையும் லேண்ட்ஜெம் வாயு தரும் குப்பையாகவே எண்ணுகிறது. ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியின் கணக்கு முறையில், முறையான மேலாண்மை இல்லாத, 5 மீட்டருக்கும் குறைந்த ஆழமுள்ள கிடங்குக்கு மீத்தேனை 0.4 ஆல் பெருக்கிக் குறைத்துக்கொள்ள வழியுண்டு. லேண்ட்ஜெமில் அப்படி ஒரு கட்டமே இல்லை.

இன்னொன்று, இது சொல்வது உருவாகும் வாயுவை. குழாயில் கிடைக்கும் வாயுவை அல்ல. பாதி மீத்தேன் கொண்ட வாயு மணிக்கு 1,000 கனமீட்டர் உருவாகி, அது முழுவதும் கிடைத்தால், 38 சதவீதத் திறனுள்ள எஞ்சினில் சுமார் 1.9 மெகாவாட் எடுக்கலாம். மேல்மூடி இல்லாத மேட்டில் அதில் 40 சதவீதமே சிக்கினால், மிஞ்சுவது 0.75 மெகாவாட்தான்.

முதல்கட்டச் சல்லடையாக இதைத் தயங்காமல் பயன்படுத்தலாம். ஆனால் கிணறு தோண்டிப் பல வாரங்கள் வாயுவை உறிஞ்சிப் பார்க்கும் பம்ப் சோதனைக்குப் பணம் ஒதுக்காமல், இந்த வரைபடத்தை மட்டும் ஒட்டி வரும் திட்ட அறிக்கையில் எந்த நகராட்சியும் கையெழுத்திடக் கூடாது. பெருங்குடி, கொடுங்கையூர் போலப் பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கும் பயோமைனிங் நடக்கும் இடமென்றால், இந்தக் கோப்பைத் திறக்கவே தேவையில்லை.