எக்ஸ்டென்ஷன் ட்யூப் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

க்ளோஸப் படம் எடுக்க எக்ஸ்டென்ஷன் ட்யூப் வாங்கலாம் என்று இருப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். "ஆட்டோ" என்று சொல்லி ஆட்டோ இல்லாததை அனுப்பி, மாற்றித் தருகிறோம் என்று கூடுதல் பணமும் வாங்கி, கடைசியில் என் லென்ஸையும் பழுதாக்கிய கோவைக் கடை ஒன்றைப் பற்றியது இது. புகார் இன்னும் முடியாததால் கடைப் பெயரை எழுதவில்லை. ஆனால் அவர்கள் பேசிய பேச்சை எழுதுகிறேன். அதே பேச்சை நீங்கள் வேறு கடையிலும் கேட்க வாய்ப்பு இருக்கிறது.

முதலில் பொருள் என்ன என்பது தெளிவாக இருக்கட்டும். எக்ஸ்டென்ஷன் ட்யூப் என்பது கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டுகிற வெறும் குழாய். உள்ளே கண்ணாடி கிடையாது. லென்ஸைச் சென்சாரிலிருந்து (கேமராவுக்குள் படம் பதியும் தகடு) கொஞ்சம் தள்ளி வைப்பதுதான் அதன் ஒரே வேலை. தள்ளி வைத்தால் லென்ஸ் இன்னும் கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும், படம் பெரிதாக விழும். எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: குழாயின் நீளத்தை லென்ஸின் ஃபோகல் லெங்த்தால் (லென்ஸ் பெயரில் மி.மீ.யில் இருக்கும் எண்) வகுத்து, லென்ஸ் தானாகவே தரும் உருப்பெருக்கத்தோடு கூட்டிக்கொள்ளுங்கள். கேனான் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம் லென்ஸ் தானாக 0.21 மடங்கு தரும், அதாவது சென்சாரில் விழும் உருவம் பொருளின் உண்மை அளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். 36 மி.மீ. குழாய் மாட்டினால் இன்னொரு 0.72 சேர்ந்து ஏறக்குறைய 0.9 ஆகிவிடும். என்னுடைய கேனான் 700டி கேமராவில் அப்போது இரண்டரை சென்டிமீட்டர் அகலமுள்ள பரப்பு படம் முழுவதையும் நிரப்பும். எருக்கஞ்செடி இலையில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி வைத்த முட்டையின் மேல் இருக்கும் கோடுகளைப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதற்கு இது நல்ல தொடக்கம். க்ளோஸப்புக்கென்றே செய்த தனி மேக்ரோ லென்ஸுக்குப் பல ஆயிரம் போடாமல் கையில் இருக்கிற லென்ஸை வைத்தே ஆரம்பிக்க இதைவிட நல்ல வழி இல்லை என்று இப்போதும் நினைக்கிறேன். அதனால்தான் இந்த ஏமாற்று என்னை இவ்வளவு கோபப்படுத்துகிறது. இதை வாங்க வருபவர்களில் பெரும்பாலோர் கையில் காசு குறைவாக வைத்திருக்கும் புதியவர்கள்.

வெறும் குழாய்தானே, எதை வாங்கினால் என்ன என்று தோன்றும். கண்ணாடி இல்லாத பொருளில் நாம் காசு கொடுப்பது இரண்டே விஷயத்துக்கு: கேமராவும் லென்ஸும் பேசிக்கொள்வதற்கான மின் இணைப்பு, ஆடாமல் உட்காரும் மவுண்ட் (லென்ஸைப் பூட்டும் வளையம்). என்னை ஏமாற்றியதும் சரியாக இந்த இரண்டிலும்தான்.

நான் இருப்பது பொள்ளாச்சியில். கடைக்கு வாட்ஸ்அப்பில் கேமரா மாடல், லென்ஸ் பெயர் எல்லாம் எழுதி, ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யுமா, கேமராவிலிருந்தே அப்பர்ச்சர் (லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளை) மாற்ற முடியுமா என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்டேன். "எல்லாமே ஆட்டோதானுங்க மேடம். உள்ளே ஹெச்டி கிளாஸ் வருதுங்க" என்று பதில் வந்தது. ட்யூபில் கண்ணாடியே கிடையாதே என்றேன். "இது புது மாடலுங்க" என்றார்கள். படம் அனுப்பச் சொன்னேன். மின் இணைப்புக்கான தங்க நிறப் பின்கள் பளிச்சென்று தெரியும் ட்யூபின் படம் வந்தது. அதை நம்பி 1,800 ரூபாய் அனுப்பினேன்.

கூரியரில் வந்தது வேறு பொருள். மூன்று அலுமினிய வளையங்கள், இரண்டு பக்கமும் மாட்ட இரண்டு தகடுகள், எல்லாம் ஒன்றோடொன்று மறையால் திருகிக்கொள்வது. பின் ஒன்றுகூட இல்லை. இந்த வகை சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். பெட்டியில் இறக்குமதி செய்தவர் பெயர் இல்லை, எந்த நாட்டில் செய்தது என்றும் இல்லை. இந்த விவரங்களோடு அதிகபட்ச விலையும் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம்.

பின் இல்லாத ட்யூப் எல்லாமே குப்பை என்று சொல்ல வரவில்லை. லென்ஸிலேயே அப்பர்ச்சர் வளையம் உள்ள பழைய நிக்கான் லென்ஸ் வைத்திருப்பவருக்கு அது தாராளமாகப் போதும். என் லென்ஸுக்கு அது பயன்படாது. கேனான் லென்ஸில் அப்பர்ச்சரைத் திறந்து மூடுவது மின்சாரம். இணைப்பு இல்லாவிட்டால் முழுதாகத் திறந்தபடியே நின்றுவிடும். துளை அகலத் திறந்த எஃப்/1.8-இல் (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்), அவ்வளவு கிட்டத்தில், முட்டையின் உச்சி மட்டும் தெளிவாக இருக்கும், மீதி எல்லாம் கரைந்துவிடும். அதைவிட மோசம், எஸ்டிஎம், அதாவது ஸ்டெப்பிங் மோட்டார் உள்ள லென்ஸில் கையால் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினாலும் மோட்டார் வழியாகத்தான் கண்ணாடி நகரும். மின்சாரம் இல்லையென்றால் வளையம் சும்மா சுற்றும். கேமராவையே முன்னும் பின்னும் நகர்த்தித்தான் படம் எடுக்க வேண்டும். வளையம் இல்லாத நிக்கான் ஜி வகை லென்ஸில் நேர் எதிர்: அப்பர்ச்சர் மிகச் சிறியதாக மூடிக்கொண்டு வ்யூஃபைண்டர் இருண்டுவிடும். சோனி, நிக்கான், கேனான் மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். அவற்றுக்கான லென்ஸ்களில் அநேகமாக எல்லாமே மின்சாரத்தில்தான் ஓடுகின்றன.

பெட்டியை எடுத்துக்கொண்டு கடைக்கே போனேன். கல்லாவில் இருந்தவர் கொஞ்சமும் தயங்கவில்லை. "ஆட்டோன்னு சொன்னது எக்ஸ்போஷரை மேடம். ஏவி மோடுல போடுங்க, ஷட்டர் ஸ்பீடு தானா வரும்" என்றார். இந்தப் பதிலை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏவி என்பது அப்பர்ச்சரை நாம் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமரா வைக்கும் மோடு. அவர் சொன்னது நடக்கும், உள்ளே வருகிற வெளிச்சத்தை அளந்து கேமரா ஷட்டர் வேகத்தை வைக்கத்தான் செய்யும். ஆனால் அது கேமராவின் வேலை. ட்யூபில் ஒரு பின்கூட இல்லாவிட்டாலும் நடக்கும். நான் எழுத்தில் கேட்டது ஃபோகஸையும் அப்பர்ச்சரையும். வாட்ஸ்அப்பைத் திறந்து காட்டினேன். உடனே கடைப் பையன் வந்து, "அக்கா, அப்பர்ச்சரை வெச்சுட்டு, டெப்த் பிரிவ்யூ பட்டனை அழுத்திட்டே லென்ஸைக் கழட்டுங்க, அப்படியே நிக்கும்" என்று செய்து காட்டினான். வைத்த அளவுக்கு அப்பர்ச்சரை மூடிக் காட்டும் பட்டன் அது. அதுவும் உண்மையான வித்தைதான். ஆனால் அப்பர்ச்சர் மாற்றும் ஒவ்வொரு முறையும் ட்யூபைக் கழற்றி, லென்ஸை நேரே கேமராவில் மாட்டி, திரும்பக் கழற்றி ட்யூபில் மாட்ட வேண்டும். எருக்கஞ்செடிக்கு முன்னால் காற்றிலும் தூசியிலும் உட்கார்ந்து அதைச் செய்தால் சென்சாருக்குள் என்னவெல்லாம் போகும்!

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். சுவரில் எழுதியிருந்ததைக் காட்டினார்: விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது. இன்னும் 1,500 கொடுத்தால் "ஒரிஜினல் ஆட்டோ" தருவதாகச் சொன்னார். பின்கள் உள்ள 12, 20, 36 மி.மீ. செட். 12 மி.மீ. குழாயை மட்டும் என் கேமராவில் 50 லென்ஸோடு மாட்டி ஃபோகஸ் ஆவதைக் காட்டினார். மூன்றையும் சேர்த்து மாட்டிக் காட்டுங்கள் என்றேன். பிரித்தால் புதுப்பொருள் பழசாகிவிடும் என்று மறுத்துவிட்டார். பில் கேட்டுக் கேட்டுத்தான் வந்தது.

வீட்டில் மூன்றையும் சேர்த்து என் 55-250 மி.மீ. ஜூம் லென்ஸை மாட்டினேன். நீள லென்ஸுக்கு நீளக் குழாய் தேவை. 250 மி.மீ.யில் 36 மட்டும் போட்டால் 0.14 மடங்குதான் கூடும். தட்டான், பட்டாம்பூச்சி போன்றவற்றை விலகி நின்று எடுக்க மூன்றும் வேண்டும். மாட்டியதும் லென்ஸின் தலை தொங்கியது. மவுண்ட் பிளாஸ்டிக், எல்லா இணைப்பிலும் ஆட்டம். லேசாக அசைந்தாலும் திரையில் எர்ர் 01 வந்தது. லென்ஸோடு தொடர்பு சரியில்லை என்று பொருள். வந்த சில படங்களிலும் நடுவில் வெளிறிய மூட்டம். குழாயின் உட்சுவர் மங்கிய கறுப்பாக இருக்க வேண்டும், இதில் பளபளவென்று இருந்தது. வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்துச் சென்சாரில் விழுந்திருக்கிறது.

அப்புறம் ட்யூபின் பூட்டுமுள் உள்ளேயே உடைந்து லென்ஸ் வெளியே வர மறுத்தது. சர்வீஸ் செய்பவரிடம் கொண்டுபோனேன். குழாயை அறுத்துத்தான் எடுத்தார். லென்ஸின் பின்புறத் தொடர்புப் பட்டை கீறப்பட்டிருந்தது, மாற்ற வேண்டும் என்றார். கடையில் கேட்டதற்கு, "உங்க லென்ஸ் பழசுங்க, அதான் சிக்கியிருக்கு" என்றார்கள். அந்த லென்ஸ் அதுவரை கேமராவில் ஒரு தடவைகூடச் சிக்கியதில்லை.

நீங்கள் வாங்கும்போது உங்கள் கேமராவையும் லென்ஸையும் கடைக்கே எடுத்துப்போங்கள். எல்லாக் குழாய்களையும் சேர்த்து மாட்டச் சொல்லுங்கள். திரையில் அப்பர்ச்சர் எண் 00 என்று இருந்தால் இணைப்பு இல்லை, அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம். எண் வந்தால் எஃப்/16 வைத்து, பிரிவ்யூ பட்டனை அழுத்திக்கொண்டு லென்ஸை முன்னாலிருந்து பாருங்கள், அப்பர்ச்சர் இதழ்கள் மூட வேண்டும். கையில் பிடித்து மெல்ல அசைத்தபடி சில படங்கள் எடுங்கள். கழற்றி மாட்டிப் பாருங்கள், உட்சுவரைப் பாருங்கள். கேனானில் கிட் லென்ஸ் (கேமராவோடு சேர்ந்து வருவது) வைத்திருப்பவர்கள் ட்யூபில் சிவப்புப் புள்ளியோடு வெள்ளைச் சதுரமும் இருக்கிறதா என்று கவனியுங்கள். சதுரம் இல்லாவிட்டால் 18-55 போன்ற இஎஃப்-எஸ் லென்ஸ் அதில் உட்காராது. உட்கார்ந்தாலும் 18 மி.மீ.யில் 36 குழாயோடு ஒன்றும் தெரியாது, ஃபோகஸ் ஆகும் இடம் லென்ஸுக்குள்ளேயே போய்விடும். 55-க்கு ஜூம் செய்து பாருங்கள்.

"எவ்வளவு கிட்டப் போனாலும் வெளிச்சம் குறையாது" என்று யாராவது சொன்னால் அதுவும் பொய். 1:1 அளவில், அதாவது பொருள் சென்சாரில் அதன் உண்மை அளவிலேயே விழும்போது, எஃப்/8 என்பது எஃப்/16 போல நடந்துகொள்ளும், இரண்டு ஸ்டாப் போய்விடும், வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடும். அந்த அளவில் தெளிவாக விழும் ஆழம் அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஃப்ளாஷும் அதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளும் தேவைப்படும் என்று நேர்மையாகச் சொல்லும் கடைக்காரரிடம் வாங்குங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: சுவரில் என்ன எழுதியிருந்தாலும் பயப்பட வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், பில்லில் காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்கிக்கொண்டு பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். அதன் பிறகுதான் கடையிலிருந்து அவர்களாகவே அழைத்தார்கள். ட்யூபுக்கான 3,300 ரூபாய் திரும்பி வந்துவிட்டது. லென்ஸ் பழுதுக்கான செலவைத் தர முடியாது என்கிறார்கள், அதற்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பில், பெட்டி, வாட்ஸ்அப் உரையாடல், அவர்கள் அனுப்பிய படம் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள். உடைந்த ட்யூபையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அறுத்து எடுத்த துண்டுகளைக்கூட நான் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.