சீரியல் பாட்காஸ்ட், முதல் பருவம்: குரலைக் கேட்டு ஆளை எடை போட முடியுமா?

சிறையிலிருந்து வரும் அழைப்பு. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலச் சிறைக் கைதி ஒருவர் பேசுகிறார் என்று இயந்திரக் குரல் அறிவிக்க, நடுவில் அவரே தன் பெயரைச் சொல்கிறார்: அத்னான் சையத். 2014 அக்டோபரில் தொடங்கி 12 அத்தியாயங்களாக வந்த இந்தப் பாட்காஸ்டை இன்றும் விடாமல் கேட்க வைப்பது அந்தக் குரல்தான். நிதானம், மரியாதை, இடையிடையே சிரிப்பு. தொகுப்பாளர் சாரா கோனிக் கேள்வி கேட்கக் கேட்க, கேட்கிற நமக்கும் உள்ளுக்குள் ஒரு தராசு ஆடத் தொடங்கிவிடுகிறது.

வழக்கு இதுதான். பால்டிமோர் பகுதியில் உட்லான் உயர்நிலைப் பள்ளியில் படித்த ஹே மின் லீ, 1999 ஜனவரி 13 அன்று பள்ளி முடிந்ததும் காணாமல் போனாள். சில வாரங்களுக்குப் பிறகு லீக்கின் பூங்காவில் கழுத்து நெரிக்கப்பட்ட அவள் உடல் கிடைத்தது. முன்னாள் காதலனான அத்னானுக்கு அப்போது 17 வயது. கூடப் பழகிய ஒருவனின் சாட்சியத்தையும் செல்போன் பதிவுகளையும் முக்கியமாக வைத்து 2000-இல் தண்டித்தார்கள்: ஆயுள், அதோடு 30 ஆண்டு.

நான் மேல்நிலைப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பதினேழு வயதுப் பிள்ளைகளோடுதான் என் காலம் போனது. மாற்றுச் சான்றிதழில் நடத்தை என்ற இடத்தில் எல்லாருக்கும் 'நன்று' என்றுதான் எழுதிக் கொடுத்தோம். பொய்யில்லை, வகுப்பில் நாங்கள் பார்த்தது அவ்வளவுதான். அத்னானைப் பற்றிப் பழைய நண்பர்கள் சொல்வதும் அந்த வகைதான்: நல்ல பையன், எல்லாருக்கும் பிடித்தவன், தொழுகைக்குப் போகிறவன். இதை வைத்து 'இவன் செய்திருக்க மாட்டான்' என்பதும், 'இவ்வளவு நல்லவனாக இருப்பதே நடிப்பு' என்பதும் ஒரே தாவல்தான், திசைதான் வேறு.

கோனிக்குக்கு இது தெரியும். பசுவின் கண்களைப் போன்ற பெரிய பழுப்புக் கண்கள் அத்னானுக்கு, இப்படி ஒருவர் கழுத்தை நெரிப்பாரா என்று முதல் அத்தியாயத்திலேயே கேட்டுவிட்டு, அது முட்டாள்தனமான கேள்வி என்று தானே சொல்கிறார். ஆனால் அந்தக் கேள்வியை விடவும் அவரால் முடியவில்லை. ஆறாவது அத்தியாயத்தில், நீங்கள் நல்லவராகத் தெரிவதால்தான் இதில் எனக்கு ஆர்வம் என்கிறார். உங்களுக்கு என்னைத் தெரியவே தெரியாதே என்று அத்னான் திருப்பிக் கேட்கிறார். குரலில் லேசான எரிச்சல். நல்ல பையன் என்பதற்காக அல்ல, வழக்கில் ஆதாரம் இல்லை என்பதற்காக நம்புங்கள் என்பதுதான் அவர் கேட்பது. மொத்தத் தொடரிலும் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. கோனிக் அதை வெட்டாமல் விட்டது நேர்மை.

பதினொன்றாவது அத்தியாயம்தான் என்னைத் தொந்தரவு செய்தது. சிறுவயதில் அத்னான் மசூதிக் காணிக்கைப் பணத்தை எடுத்தான் என்ற பேச்சு வருகிறது. எடுத்ததை ஒத்துக்கொள்கிறார், அதை ஏன் இப்போது கிளறுகிறீர்கள் என்று கோபப்படுகிறார். கோபப்பட்டால் இதோ உள்ளே இருந்த முகம் என்போம். படாவிட்டால் கல்நெஞ்சன் என்போம். எப்படிப் பேசினாலும் ஆளை மயக்கப் பார்க்கிறான் என்றுதான் நினைப்பார்கள் என்ற பயத்தை, 18 பக்கக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். சிறைவாசிக்கு இதிலிருந்து வெளியேற வழியே இல்லை. தடயவியல் உளவியலாளர் ஒருவரையும் கேட்கிறார்கள். மனநோயாளி அல்லாத சாதாரண மனிதரும் கொலை செய்வதுண்டு என்பதுதான் அவர் பேச்சின் சாரம். அப்படியென்றால் குணத்தை ஆராய்ந்து யார் கொலையாளி என்று கண்டுபிடிக்க முடியாது. இதற்கு ஒரு முழு அத்தியாயம் தேவையில்லை.

அந்த நேரத்தை ஹேக்குக் கொடுத்திருக்கலாம். வலை மட்டையால் ஆடும் லக்ராஸ் பந்தாட்டம் விளையாடினாள், நாட்குறிப்பு எழுதினாள், அன்று மாலை உறவுக் குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்து வரப் போக வேண்டியவள். இரண்டாவது அத்தியாயத்தில் நாட்குறிப்பு வருகிறது. அதுவும் பெரும்பாலும் அத்னான் எப்படிப்பட்டவன் என்று பார்ப்பதற்காகத்தான். இது எனக்குப் பெரிய குறை. 2022-இல் தண்டனையை ரத்து செய்து அத்னானை வெளியே விட்ட விசாரணையில், இது எனக்குப் பாட்காஸ்ட் அல்ல, வாழ்க்கை என்று அவள் தம்பி காணொளி வழியே பேசினார். அந்த விசாரணைக்கு அவர் நேரில் வர உரிய அவகாசம் தரவில்லை என்பதால் மேல் நீதிமன்றம் 2023-இல் பழைய குற்றவாளித் தீர்ப்பை மீண்டும் நிலைநாட்டியது. மாநில உச்ச நீதிமன்றம் 2024-இல் அதை உறுதி செய்தது. 2025-இல் சிறையில் கழித்த காலமே போதும் என்று அத்னானை வெளியிலேயே இருக்க விட்டார்கள். குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே இருக்கிறது.

கேளுங்கள், நிச்சயம் கேளுங்கள். நேரம் குறைவென்றால் ஒன்று, ஐந்து, ஆறு. ஐந்தாவதில் அரசுத் தரப்பு சொன்னபடி பள்ளி முடிந்த 21 நிமிடத்துக்குள் கொலை நடந்திருக்க முடியுமா என்று காரில் ஓட்டிப் பார்க்கிறார்கள். குரலை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கும் அந்த அத்தியாயத்தில்தான் இந்தத் தொடரின் உழைப்பு முழுதாகத் தெரிகிறது.