கல்லாக இறுகிய பிரேக்கும் மேட்டுப்பாளையம் பட்டறையும்
கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் ஏற்றி வரும் டர்போ டீசல் பிக்கப் என்னுடையது. போன மாதம் கொண்டை ஊசி வளைவில் பிரேக் பெடல் கல்லாக இறுகிவிட்டது. எழுந்து நின்று மிதித்துத்தான் நிறுத்தினேன். முதலில் போன இடத்தில் பேடு மாற்றிக் காசு வாங்கினார்கள், குறை தீரவில்லை. அப்புறம்தான் இந்தச் சின்னப் பட்டறை. எஞ்சினை அணைத்து ஐந்தாறு முறை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யச் சொன்னார் மெக்கானிக். பெடல் கொஞ்சம் இறங்க வேண்டும்; இறங்கவில்லை. டீசலில், கால் மிதிக்கும் விசையைப் பெருக்கித் தரும் பிரேக் பூஸ்டருக்கான வேக்குவத்தை, அதாவது வெற்றிடத்தை, பம்ப்தான் தர வேண்டும். என் வண்டியில் அது ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் இருக்கிறது, தேய்ந்துபோயிருந்தது. கழற்றிக் கையிலேயே கொடுத்துக் காட்டினார். அரை நாளில் வேலை முடிந்தது. இப்போது முழுச் சுமையோடு இறங்கினாலும் பாதம் வைத்தால் நிற்கிறது. காத்திருக்க நிழல் மட்டும் இல்லை.