தத்தெடுப்பு: காரா தளம், சட்டப் பக்கங்கள், வாட்ஸ்அப் குழுக்கள் – நீண்ட காலப் பயன்பாட்டில் எது கைகொடுக்கிறது?

தத்தெடுப்பு பற்றித் தமிழில் தேடினால் முதலில் வந்து நிற்பவை யூடியூப் வீடியோக்கள்தான். அவற்றில் எதைப் பார்க்கலாம் என்று தீர்மானிக்க ஒரு சுருக்கு வழி உண்டு. "கடைசியில் நீதிமன்றத்தில் ஆணை வாங்க வேண்டும்" என்று சொன்னால் அது பழைய வீடியோ. 2022 செப்டம்பர் 1 முதல் தத்து ஆணையை வழங்குவது மாவட்ட ஆட்சியர். புதிய தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளும் அதே மாதம் 23ஆம் தேதி வெளியாயின. அதற்கு முந்தைய வழிகாட்டிகளில் உள்ள கெடுக்கள் பல இன்று பொருந்தாது.

இன்னொரு குழப்பம், இரண்டு சட்டங்களைக் கலந்து பேசுவது. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டப்படி, பொதுவாகக் குழந்தைக்கு 15 வயது நிறைந்திருக்கக் கூடாது. எதிர்பாலினக் குழந்தையைத் தத்தெடுத்தால் தத்தெடுப்பவருக்கும் குழந்தைக்கும் 21 வயது இடைவெளி வேண்டும். காரா (மத்திய அரசின் தத்தெடுப்பு வள ஆணையம்) வழியாக, அதாவது 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி போனால், 18 வயதுக்குட்பட்ட குழந்தையைத் தத்தெடுக்கலாம். இடைவெளி 25 ஆண்டுகளுக்குக் குறையக் கூடாது. எந்தச் சட்டம் என்று சொல்லாத கட்டுரையை மூடிவிடலாம், எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும்.

காரா தளத்தில் முதலில் தேட வேண்டியது பதிவுப் பொத்தானை அல்ல, 2022 ஒழுங்குமுறைகளின் பிடிஎஃப் கோப்பை. சட்டத்தின் மூலவாசகம் மத்திய அரசின் சட்டத் தொகுப்பான இந்தியா கோட் தளத்தில் இலவசம். ஆங்கில நடை வறட்சியாக இருக்கும். ஆனாலும் தகுதி பற்றிய பகுதியும் பெற்றோர் ஆவணப் பட்டியலும் இரண்டு முறை படிக்கத் தகுந்தவை. வயது வரம்பை அங்கேயே பார்த்துவிடுங்கள். தம்பதியரின் வயதைக் கூட்டினால் 2 வயது வரையான குழந்தைக்கு 85, 4 வரை 90, 8 வரை 100, 18 வரை 110 என்பது உச்சம். தனி நபருக்கு முறையே 40, 45, 50, 55. கணவருக்கு 44, மனைவிக்கு 42 என்றால் கூட்டுத்தொகை 86; கைக்குழந்தை கிடையாது, 2 முதல் 4 வயதுக்குள் பதியலாம். தம்பதியருக்குத் திருமணமாகி குறைந்தது இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். தனி நபர் ஆணாக இருந்தால் பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது.

பதிவு செய்வது எளிது, ஆவணம் ஏற்றுவதில்தான் வண்டி நிற்கும். பதிந்த 30 நாளுக்குள் எல்லாம் ஏற வேண்டும்: குடும்பப் புகைப்படம், பான், முகவரிச் சான்று, பிறந்த தேதிச் சான்று, வருமானச் சான்று, திருமணச் சான்று, மருத்துவச் சான்று, தெரிந்தவர்களின் இரண்டு பரிந்துரைக் கடிதங்கள். தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இதில் தனித் தொல்லை இனிஷியல். ஆதாரில் "ஆர்.", பானில் அப்பாவின் முழுப்பெயர், திருமணச் சான்றில் வேறு எழுத்துக்கூட்டல் என்று மூன்று காகிதத்தில் மூன்று மனிதர்கள் இருப்பார்கள். கேள்வி வரும், நாள் ஓடும். பெயர்களை ஒன்றாக்கிய பிறகே பதியுங்கள். திருமணம் பதிவாகாமல் இருந்தால் பதிவுத்துறைத் தளத்தில் அந்த வேலையை முன்கூட்டியே முடித்துவிடுவது நல்லது. மூப்பு வரிசை, அதாவது யாருக்கு முதலில் முறை வரும் என்ற பட்டியல், பதிவோடு ஆவணங்களும் முழுமையான நாளிலிருந்துதான் எண்ணப்படும்.

அடுத்தது வீட்டு ஆய்வு அறிக்கை. ஆவணம் தந்த 60 நாளுக்குள் சமூகப் பணியாளர் வந்து பேசி அறிக்கையைத் தளத்தில் ஏற்ற வேண்டும். பலர் கவனிக்காதது, அந்த அறிக்கைக்கு ஆயுள் மூன்று ஆண்டு என்பது. கைக்குழந்தைக்கான காத்திருப்போ இப்போது மூன்று ஆண்டைத் தாண்டுகிறது. ஆகவே, முறை வரும் நேரத்தில் அறிக்கை காலாவதியாகிக் கிடக்கும் வாய்ப்பு அதிகம். காலாவதித் தேதிக்கு மூன்று மாதம் முன்பே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகுங்கள். தளம் தானாக நினைவூட்டும் என்று இருந்துவிட வேண்டாம். கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றினால் உடனே தளத்திலும் மாற்றுங்கள். முறை வரும்போது தளம் ஒரு குழந்தையின் விவரத்தை அனுப்பும்; இதைத்தான் பரிந்துரை என்கிறார்கள். அது வந்த பிறகு அந்தக் குழந்தையை முன்பதிவு செய்ய இருப்பது 48 மணி நேரம். குறுஞ்செய்தி பழைய சிம்முக்குப் போனால் அந்த நேரமும் போயிற்று. மூன்று பரிந்துரைகளையும் தவறவிட்டால் வரிசையில் இருந்த இடமே போய்விடும்.

அந்த 48 மணி நேரத்துக்கு முன்கூட்டியே ஒரு குழந்தை மருத்துவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பரிந்துரையில் புகைப்படம், குழந்தை ஆய்வறிக்கை, மருத்துவப் பரிசோதனை அறிக்கை மூன்றும் இருக்கும். மருத்துவ அறிக்கையை நமக்கு விருப்பமான மருத்துவரிடம் காட்ட விதியே அனுமதிக்கிறது. எடை, தலைச்சுற்றளவு, ரத்தப் பரிசோதனை முடிவுகளை அவர் பார்த்துச் சொல்வதற்கும், நாமே கூகுளில் தேடிப் பயப்படுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கான பட்டியலைப் பலர் திறந்தே பார்ப்பதில்லை. அங்கே இந்த நீண்ட மூப்பு வரிசை கிடையாது. "சிறப்புத் தேவை" என்பதற்குள் சிகிச்சையில் சரியாகக்கூடியதும் வாழ்நாள் முழுக்கக் கவனிப்பு தேவைப்படுவதும் இரண்டும் அடக்கம். காத்திருப்பைக் குறைக்கும் குறுக்கு வழியாக மட்டும் அதை நினைக்கக் கூடாது.

இனி வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழுக்கள். காத்திருப்பின் சலிப்பைப் பகிரவும், வீட்டு ஆய்வில் என்ன கேட்பார்கள் என்று அறியவும், வீட்டுக்கு வந்த குழந்தை முதல் வாரங்களில் தூங்காமல் அழுதால் என்ன செய்வது என்று கேட்கவும் இவற்றைப் போல வேறு இடமில்லை. விதி பற்றிய சந்தேகத்துக்கு மட்டும் இங்கே பதில் தேட வேண்டாம்; ஆளுக்கொரு ஆண்டின் விதியைச் சொல்வார்கள். பரிந்துரையில் வந்த குழந்தையின் படத்தைக் குழுவில் போடவே கூடாது. குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி குற்றம்.

"பிறந்து மூன்று நாளான குழந்தை, உடனே தருகிறோம்" என்ற செய்தி எந்தக் குழுவில் வந்தாலும் அது காரா வழியில் சட்டப்படி சாத்தியமே இல்லாதது. பெற்றவர் குழந்தையை ஒப்படைத்தாலும் மனம் மாற இரண்டு மாத அவகாசம் உண்டு. அதன் பிறகே குழந்தைகள் நலக் குழு அக்குழந்தையைத் தத்துக்கு உரியதாக அறிவிக்க முடியும். 2021 கோவிட் அலையில் இப்படிப்பட்ட செய்திகள் பெருகி, உச்ச நீதிமன்றமே தலையிட்டது. குழந்தையை விற்றாலும் வாங்கினாலும் அதே சட்டத்தின் 81ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம். தத்து நிறுவனம் நன்கொடை கேட்பதும் விதிமீறல்தான். விதித்த கட்டணம் ஒழுங்குமுறைகளின் அட்டவணையில் இருக்கிறது, அதற்கு மேல் ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை. சந்தேகமான செய்தி வந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழைத்துச் சொல்லலாம்.

குழந்தை வீட்டுக்கு வந்த பிறகும் தளத்தின் கணக்கை மறந்துவிடாதீர்கள். இரண்டு ஆண்டுகளுக்கு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை தொடர் ஆய்வு அறிக்கை அங்கேதான் ஏறும். தத்து ஆணை, புதிய பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றைத் தரவிறக்கி இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். பள்ளிச் சேர்க்கைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் வேண்டியிருக்கும்.