பின்பால் ஃபிளிப்பர் சோர்ந்தால் காயிலைச் சந்தேகிக்காதீர்கள்

பல வருடம் ஓடிய பின்பால் மெஷினில் ஃபிளிப்பர் (பட்டனை அழுத்தினால் பந்தை அடிக்கும் சிறு கை) அடித்த பந்து ரேம்ப்பில் (சரிவுப் பாதையில்) பாதி ஏறித் திரும்பி வர ஆரம்பித்தால், உடனே புதுக் காயில் வாங்கத் தோன்றும். பெரும்பாலும் வீண் செலவு. ஃபிளிப்பரை அசைக்கும் மின்காந்தமான காயில் வெறும் செம்புச் சுற்று. கருகினால் ஒழியக் கெடுவது அரிது. தேய்வதெல்லாம் அதற்குள் ஓடும் பிளஞ்சரும் (காயில் இழுக்கும் இரும்புத் தண்டு) அதை ஒட்டிய சில்லறைப் பாகங்களும்தான்.

எல்லா ஃபிளிப்பரும் ஒன்றாகச் சோர்ந்தால் பிரிட்ஜ் ரெக்டிஃபையரையும் (ஏசியை டிசியாக மாற்றும் பாகம்) கனெக்டர் பின்களையும் பாருங்கள். ஒன்று மட்டும் என்றால் கோளாறு அதற்கடியிலேயே இருக்கிறது.

பிளக்கை உருவிவிட்டு (ஃபிளிப்பர் லைனில் 50 முதல் 70 வோல்ட் டிசி ஓடும்) ஃபிளிப்பரைக் கையால் தூக்கி விடுங்கள். பட்டென்று திரும்ப வேண்டும். உரசினால் பிளஞ்சரைக் கழற்றிப் பாருங்கள்: ஸ்டாப்பில் (பிளஞ்சரை நிறுத்தும் தடுப்பில்) மோதி மோதி நுனி காளான் மாதிரி விரிந்திருக்கும், பிளஞ்சர் ஓடும் குழாயான நைலான் ஸ்லீவுக்குள் கருப்புத் தூள் படிந்திருக்கும், பிளஞ்சரை ஃபிளிப்பரோடு இணைக்கும் லிங்க்கின் துளை நீண்டு ஆடும். எண்ணெய் மட்டும் விடவே கூடாது. தூசியோடு சேர்ந்து பசையாகி இன்னும் இறுக்கிப் பிடிக்கும். பிளஞ்சர், லிங்க், ஸ்லீவ், ஸ்டாப் நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். விரிந்த பழைய ஸ்டாப்பை விட்டுவைத்தால் அது புதுப் பிளஞ்சரையும் கெடுக்கும்.

மெக்கானிசம் வழுக்கிக்கொண்டு ஓடியும் அடிப்பதில் பலமில்லை என்றால் அடுத்தது எண்ட் ஆஃப் ஸ்ட்ரோக் சுவிட்ச். காயிலில் இரண்டு சுற்று உண்டு. வில்லியம்ஸ் நிறுவனத்தின் எஃப்எல்-11630 காயிலில் அடிக்கும் சுற்று சுமார் 4.7 ஓம், பிடித்து வைக்கும் சுற்று சுமார் 160 ஓம். பழைய மெஷின்களில் இந்தச் சுவிட்ச் மூடியே இருக்கும். ஃபிளிப்பர் உச்சிக்குப் போனதும் திறந்து பிடிக்கும் சுற்றுக்கு மாற்றிவிடும். சுவிட்சின் தொடுமுனை கருகி மின்தடை ஏறினால், 4.7 ஓம் சுற்றில் ஒரு ஓம் கூடினாலே அடியின் பலம் கண்கூடாகக் குறையும். திறக்கவே இல்லையென்றால் காயில் வெந்துவிடும். பட்டனைப் பிடித்திருக்கும்போது ஃபிளிப்பர் படபடவென்று துடித்தால் பிடிக்கும் சுற்றின் கம்பி அறுந்திருக்கலாம்.

பழைய டங்ஸ்டன் முனைகளை மெல்லிய அரத்தால் தேய்க்கலாம். கேபினட் பட்டன் சுவிட்சும் அதே மின்னோட்டத்தைத் தாங்குவதால் அதையும் விடாதீர்கள். 1992 வாக்கில் வந்த, ஃபிளிப்பரை மின்னணுச் சுற்று கட்டுப்படுத்தும் ஃபிளிப்ட்ரானிக்ஸ் மெஷின்களில் கதை வேறு: சுவிட்ச் சாதாரணமாகத் திறந்திருக்கும், முனையில் தங்கப் பூச்சு. அங்கே அரம் பட்டால் பூச்சு போயிற்று. அட்டைத் துண்டை இடையில் வைத்து இழுத்தால் போதும்.

அரை மணி நேரம் ஆடியபின் மட்டும் சோர்ந்தால் சூடுதான் காரணம். செம்பின் மின்தடை ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 0.39 சதவீதம் ஏறும். 50 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. இதைத் தவிர்க்க முடியாது, ஆனால் உரசல் இல்லாத மெக்கானிசத்தில் அவ்வளவாகத் தெரியாது.

மறுபடி பூட்டும்போது ஃபிளிப்பருக்கு மேலும் கீழும் 0.8 மி.மீ. அளவு ஆட்டம் விட்டுக் கிராங்க்கை (ஃபிளிப்பரின் தண்டைப் பிடிக்கும் கவ்வியை) முடுக்குங்கள். ஒட்ட முடுக்கினால் புஷ்ஷிங் (தண்டு சுழலும் வளையம்) உரசி, செய்த வேலையெல்லாம் பாழ். கோணத்துக்கு, பல மெஷின்களில் ஃபிளிப்பர் நுனிக்கு நேராக ஒரு சின்னத் துளை இருக்கும். பல்குச்சியைச் செருகி அதற்கு ஒட்டினாற்போல வைத்தால் சரியாக உட்காரும்.