நாட்டு மதிப்பெண் போதுமா? அரசியல் இடர் கருவிகள், நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பின்

வளரும் சந்தைகளில் தொழில் நடத்துவோர் அரசியல், வன்முறை இடர்களை அளக்கப் பெரும்பாலும் நம்புவது மூன்றை: நாடுகளுக்கான மதிப்பெண், நிகழ்வுத் தரவு, காப்பீடு. மூன்றையும் பல ஆண்டுகள் புழங்கிய பிறகு எது எதற்கு உதவும் என்பது தெளிவாகிறது.

மதிப்பெண்களைச் சுருக்கமாக முடித்துவிடலாம். வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடியின் 0 முதல் 7 வரையிலான நாட்டு இடர் வகைப்பாடு ஏற்றுமதிக் கடனுக்கானது. பணம் நாட்டை விட்டு வெளியே வருமா என்று பார்க்கலாம், கிடங்கு எரியுமா என்று பார்க்க முடியாது. உலக வங்கியின் ஆளுகைக் குறியீடுகள் ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும், அதுவும் கடந்துபோன ஆண்டின் நிலவரம். இயக்குநர் குழுவிடம் நாடுகளை வரிசைப்படுத்திக் காட்ட இவை போதும்.

அன்றாட வேலைக்கு உண்மையில் கைகொடுப்பது, உலகெங்கும் மோதல்களையும் ஆர்ப்பாட்டங்களையும் பதிவுசெய்யும் ஏக்லெட் (ACLED) போன்ற நிகழ்வுத் தரவுதான். வாரந்தோறும் புதுப்பிக்கிறார்கள், ஒவ்வொரு நிகழ்வுக்கும் தேதி, இடம், வகை உண்டு. ஆனால் அப்படியே வரைபடத்தில் கொட்டினால் ஏமாந்துபோவோம். தரவு அட்டவணையில் 'இடத் துல்லியம்' என்றொரு நெடுவரிசை இருக்கிறது. அதில் 1 என்றால் ஊர் சரியாகத் தெரியும். 3 என்றால் மாகாணம் மட்டும்தான் தெரியும், புள்ளி பெரும்பாலும் மாகாணத் தலைநகரில் விழும். எங்கோ காட்டில் நடந்த மோதலெல்லாம் தலைநகரில் குவிந்து, அமைதியான நகரம் சிவப்பாகத் தெரியும். எனவே தொலைவு கணக்கிடும் முன் 3ஐ வடிகட்டித் தனியே வையுங்கள்.

உயிரிழப்பு எண்ணிக்கையைக் கூட்டிப் போக்கு வரைவதும் தவறு. செய்தியில் எண் இல்லாமல் 'பலர்' என்று மட்டும் இருந்தால், கடும் மோதல் நடக்கும் இடங்களில் 10 என்றும் மற்ற இடங்களில் 3 என்றும் பதிவாகும். நிகழ்வுகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். பழைய வாரப் பதிவுகளும் திருத்தப்படுவதால், புது வாரத்தை மட்டும் ஒட்டாமல் முழுக் கோப்பையும் மறுபடி இறக்குங்கள். ஒரு மாகாணத்தில் எண்ணிக்கை திடீரென்று ஏறினால், புதிய உள்ளூர்ச் செய்தி நிறுவனம் ஏதும் தரவு மூலமாகச் சேர்க்கப்பட்டதா என்று முதலில் பாருங்கள்.

நிகழ்வுகளை எண்ண வரைபடத்தில் எல்லை வரையுங்கள்: ஆலையைச் சுற்றி 5, 25, 50 கிலோமீட்டர் வட்டங்கள். சரக்குச் சாலையின் இருபுறமும் 10 கிலோமீட்டர் பட்டை. வேலிக்குள் இருப்பதை மட்டும் அளப்பதுதான் அதிகம் காணும் பிழை. மொசாம்பிக்கின் பால்மா நகரம் 2021 மார்ச் 24 அன்று தாக்கப்பட்டது. அருகிலுள்ள எரிவாயுத் திட்டப் பணிகள் மீண்டும் தொடங்கும் என்று பிரெஞ்சு எரிசக்தி நிறுவனமான டோட்டல் அறிவித்ததும் அதே நாள். வளாகத்துக்கு வெளியே, ஊரில் தங்கியிருந்த ஒப்பந்தப் பணியாளர்கள்தான் சிக்கிக்கொண்டார்கள். துணை ஒப்பந்ததாரரின் ஆட்கள் இரவில் எங்கே தூங்குகிறார்கள் என்ற பட்டியல் கையில் இல்லாவிட்டால் மதிப்பீடு முடியவில்லை என்றே கொள்ளுங்கள்.

காப்பீட்டில் சொற்கள்தான் எல்லாம். சாதாரணச் சொத்துக் காப்பீடு போரை விலக்கிவிடும். பல இடங்களில் பயங்கரவாதத்தையும் கலவரத்தையும்கூட. தென்னாப்பிரிக்காவில் கலவரச் சேதத்துக்கு அரசு நிறுவனமான சாஸ்ரியாவின் காப்பீடு தனியே வேண்டும். 2021 ஜூலையில் க்வாசூலு-நட்டால், கௌட்டெங் மாகாணங்களில் வெடித்த கலவரத்தில் 350க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சாஸ்ரியாவுக்கு வந்த கோரிக்கைகள் சுமார் 3,200 கோடி ராண்ட். அரசு பணம் போட்டுத்தான் அதைத் தாங்க வேண்டியிருந்தது. டர்பனையும் ஜோகன்னஸ்பர்க்கையும் இணைக்கும் என்3 நெடுஞ்சாலையும் அப்போது மூடப்பட்டது. இப்படிச் சாலை அடைபட்டு, பொருளுக்குச் சேதமில்லாமல் வியாபாரம் மட்டும் நின்றால், அதற்கான கூடுதல் பிரிவு இல்லாத பாலிசி பணம் தராது. உள்ளூர்ப் பணத்தை வெளிநாட்டுப் பணமாக மாற்ற முடியாமல் போகும் நாணய மாற்றுத் தடைக்கான காப்பீட்டில் காத்திருப்புக் காலம் பல மாதங்கள் இருக்கலாம். அதுவரை சம்பளம் கொடுக்கக் கையிருப்பு வேண்டும். பதற்றம் தொடங்கிய பிறகு காப்பீடு கேட்டால் விலை எகிறும், அல்லது கிடைக்கவே கிடைக்காது.

இடரின் வாய்ப்பையும் பாதிப்பையும் ஐந்தைந்து படிகளாக வண்ணத்தில் காட்டும் 5க்கு 5 கட்டத்தைக் கைவிடலாம். எல்லாம் நடுவில் மஞ்சளில் போய் உட்காரும். பதிலாக, 'அடுத்த 90 நாளில் இந்தச் சாலை 48 மணி நேரத்துக்கு மேல் மூடப்பட 15 சதவீத வாய்ப்பு' என்று எழுதுங்கள். காலம் முடிந்ததும், சொன்ன வாய்ப்புக்கும் நடந்ததற்கும் (நடந்தால் 1, இல்லாவிட்டால் 0) உள்ள வித்தியாசத்தின் வர்க்கச் சராசரியான பிரையர் மதிப்பெண் போடுங்கள்: 0 என்றால் துல்லியம், எப்போதும் 50 சதவீதம் என்று சொல்பவருக்கு 0.25. ஆண்டு முழுக்க 0.25ஐத் தாண்டுபவரின் கணிப்பை வைத்து ஆட்களை அனுப்பாதீர்கள்.

ஒவ்வொரு எச்சரிக்கை எல்லைக்கும் எதிரே ஒரு பெயரும் ஒரு செயலும் இருக்க வேண்டும்: 25 கிலோமீட்டருக்குள் வாரத்தில் மூன்று வன்முறை ஆர்ப்பாட்டங்கள் என்றால், இரவு லாரிகளை நிறுத்துவது யார், தலைமையகத்தைக் கேட்காமலே நிறுத்த அவருக்கு அதிகாரம் உண்டா?